ஏழாம் சாட்சி

புதுக்கடையில் மழை பிடித்தால்
கறுப்புக் கோட்டுகள் எல்லாம்
டைப் அடிக்கும் தாழ்வாரத்துக்குள் வந்து நிற்கும்.
அங்கேதான் ஸரூக் மிஸ் சொன்னார்:
இன்றைக்கு விளக்கம் இல்லை, பிள்ளை.
விளக்கத்துக்குள் எதை விடுவது,
எதை வாசலோடு அனுப்புவது,
அது மட்டும்தான்.

கலியாணச் சாமான் பட்டியல் போல ஒன்று
கையில் இருந்தது.
வ1, தம்பி கையெழுத்து வைத்த வாக்குமூலம்,
அவனுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்.
வ2, ஆஸ்பத்திரி அறிக்கை.
வ3, முஸம்மிலின் தேத்தண்ணிக் கடைக் கமரா,
பொலிஸ் கேற்றைப் பார்த்தபடி.
வ4, ஷேர்ட்.
பிறகு ஆட்கள்.
ஏழாவதாக நான்.

வாக்குமூலத்தை இரண்டு பக்கமும் கேட்டார்கள்;
அது தாராளமாக உள்ளே போனது.
கமரா பாதி போனது.
அதில் தம்பி நடந்து போகிறான்,
பிறகு இரண்டு பேர் தோளில் வருகிறான்.
மூலையில் நேரம் மங்கல்,
அதனால் 'நிரூபணத்துக்கு உட்பட்டு'.
முஸம்மில் வந்து சொன்னால் தெளிவாகும்.
முஸம்மில் தோஹாவில்.
திரையில் தோன்றட்டும், ஆனால்
தூதரகத்தில் இருந்துதான் என்றார் நீதிபதி.
அவனுக்கு வெள்ளிதான் லீவு.
தூதரகமும் வெள்ளிதான் பூட்டு.

ஷேர்ட்டைத் தள்ளிவிட்டார்கள்.
நான் துவைத்திருந்தேன்.
மட்டக்குளி பைப்படியில், விடியமுன்,
முதலில் சன்லைட், பிறகு உப்பு, பிறகு தேசிக்காய்,
கொலர் வெளுக்கும்வரை.
அழுக்குக்கும் ஆவண இலக்கம் உண்டென்று
எனக்கு யார் சொன்னது?
எதிர்த்தரப்புச் சட்டத்தரணி
பொலித்தீன் பையை இரண்டு விரலால் தூக்கினார்:
'இது ஒரு சுத்தமான ஷேர்ட், கனம் நீதிபதி அவர்களே.'
மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னபோது
அது பாராட்டுப் போல விழுந்தது.

பிறகு நான்.
தம்பி எனக்குச் சொன்னதை நான் சொல்லக்கூடாது.
அது கேள்விச் சான்று.
எழுதிக்கொண்டேன், கேள்விச் சான்று.
நான் கேட்டது செல்லாதாம்.
அவனிடம் கேட்டதா, அவன் சொல்லக் கேட்டதா?
மொழிபெயர்ப்பாளர் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

கண்டதைச் சொல்லலாம்.
பதினொரு நாள் அவன் இடது கையால் சோறு தின்றதை.
நாலாம் குறுக்குத் தெருவில்
வெங்காய மூட்டை சுமந்த தோள்
கதவுக் கொக்கிக்கு எட்டாமல் நின்றதை.
தபால்காரரின் காக்கியைக் கண்டு
குசினிக்குள் போனதை.

நித்திரையில் முனகினானே, அது?
மிஸ் கேட்டதும் அவர் எழும்பினார்:
முனகலும் கூற்றுத்தான்.
கூற்றென்றால் சொல் வேண்டும் என்றார் மிஸ்.
சொல் இருந்ததா என்று நீதிபதி
என்னைக் கேட்கவில்லை,
பைலைக் கேட்டார்.
பைலில் இல்லை.
கட்டளை இருபத்துமூன்றாம் திகதிக்கு.

இருந்தது.
ஒரே ஒரு சொல், இரவு முழுக்க.
மாத்தையா.
எங்கள் வீட்டில்
யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

எழுதுவினைஞரிடம் கையெழுத்து வைத்து
ஷேர்ட்டைத் திருப்பி எடுத்தோம்.
மழை விட்டபாடில்லை.
தம்பி குடையை விரித்தான். இடது கையால்.
கண்டேன், எழுதிக்கொண்டேன்.
பஸ்ஸுக்குள் பையை மடியில் வைத்துக்கொண்டு
கொலரைத் தடவிப் பார்த்தான்.
'இனி இதைப் போடலாம்தானே?'

இதை நான் சொன்னதாக
யாரிடமும் சொல்ல வேண்டாம்.