செங்குழியத்திடம் அட்டை இல்லை

இரவு இரண்டு மணி.
திருகோணமலைப் பொது வைத்தியசாலை ஆய்வுகூடத்தில்
குளிர்ப்பெட்டி மட்டும் முனகுகிறது.
வெளியே, வாகனத் தரிப்பிடத்தில், நான்கைந்து மான்கள்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளை மெல்லுகின்றன.
ஏழாம் வாட்டிலிருந்து ஒரு குருதி வந்திருக்கிறது:
ஸஹ்ரின், வயது எட்டு, கிண்ணியா,
காய்ச்சல் ஐந்தாம் நாள்.

லீஷ்மன் சாயம் காயும்வரை ஒரு தேத்தண்ணி.
பிறகு எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குனிகிறேன்.
கலம், கலம், கலம்.
துறைமுக ஊரில் பிறந்தவனுக்கு
இந்தச் சொல் எப்போதும் இரண்டாய்த்தான் கேட்கும்.
உடம்பில் மிதப்பதும் கலம்,
உள்துறையில் நங்கூரமிட்டு நிற்பதும் கலம்.

இதோ,
மற்ற நிணநீர்க்குழியங்களைவிடச் சற்றுப் பெரிதாய் ஒன்று.
வெளிறிய நீல உடல். அதற்குள் ஊதாச் சிறுமணிகள்,
வலையில் கோத்த ஈயக்குண்டுகள் மாதிரி.
இயற்கைக் கொல்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
கொல்லும் ரி-குழியத்துக்கும் இந்தச் சாயத்தில் இதே முகம்தான்;
எது எதுவென்று என் கண்ணால் சொல்ல முடியாது.

கலம் கலமாய் அணைந்து நிற்கும், தடவிப் பார்க்கும்.
ஒவ்வொன்றும் தன் தோலில் ஓர் அடையாள அட்டையைத்
தூக்கிப் பிடிக்க வேண்டும். காட்டினால் போகலாம்.
வைரஸ் புகுந்த கலத்தில் சிலவேளை அந்த அட்டை
கீழே இழுக்கப்பட்டிருக்கும், உள்ளே நடப்பது தெரியாமலிருக்க.
ரி-குழியம் வாசிக்க ஒன்றுமில்லாமல் கடந்துபோகும்.
அந்த வெறுமையைத்தான் இது வாசிக்கும்.
ஒட்டிக்கொண்டு, மணிகளை அந்தப் பக்கமாய் நகர்த்தி,
ஓட்டில் துளை போட்டு, நொதியங்களை இறக்கும்.
மூழ்கும் கலம் சத்தம் போடாது.
தன்னைத் தானே மடித்து, பொதி பொதியாய்க் கட்டி,
விழுங்க வருபவனுக்கு வைத்துவிட்டுப் போகும்.
கொன்றது அதற்குள் அடுத்ததை அணைந்திருக்கும்.

விரிவுரையில் இதைச் சொன்ன அன்று
எழுந்து வெளியே போய்விட்டேன்.

அண்ணா சுகிர்தனின் அட்டை
சேர்ட் பையோடு சேர்த்துத் தோய்க்கப்பட்டு
மனையாவெளி வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.
அவன் பாண் வாங்க சைக்கிளில் போனான்.
சந்தியில் கேட்டிருக்கிறார்கள்.
பையைத் தடவியிருக்கிறான்.
பேக்கரிக்காரர் பார்த்தது இவ்வளவுதான்.
இப்போதும் அலுமாரியில் கிடக்கிறது,
மடிப்பில் மை கரைந்து, பாதி முகத்தோடு.
அட்டை இருக்கிறது, ஆள் இல்லை.

மிச்சத்தை நான் படித்தது பரீட்சைக்காக.
அதில் ஒரு வரி:
செங்குழியத்திடம் அட்டை இல்லை.
கருவே இல்லை அதற்கு, அட்டை அடிக்கக் கந்தோர் ஏது.
இந்த வில்லையிலும் அவைதான் எங்கு பார்த்தாலும்;
சற்றுமுன்வரை, வெறுங்கையோடு,
கொல்லியின் தோளை உரசிக்கொண்டு ஓடியவை.
அது ஒன்றும் செய்வதில்லை.

அட்டை இல்லை என்பது மட்டும் அதற்குப் போதாது.
கெட்டுப்போன கலம் வேறெதையோ வெளியே நீட்டும்,
தத்தளிக்கும் தோணியில் கட்டிய துணி மாதிரி.
அதையும் பார்க்கும். இரண்டையும் நிறுக்கும்.
சில நிமிடம் எடுக்கும், ஒட்டி நின்றபடியே.

பாண் வாங்கப் போனவனில்
என்ன துணி பறந்தது?

உடம்பை நான் கோயிலாக்கவில்லை. அதுவும் பிழைவிடும்;
தன் மூட்டையே தின்னும், தன் கணையத்தையே சுடும்.
அந்த ரிப்போர்ட்டுகளும் என் மேசைக்குத்தான் வரும்.

எழுதுகிறேன்: நிணநீர்க்குழியங்கள் கூடியுள்ளன,
சில பெரியவை, மணியுள்ளவை.
வாட்டுக்கு எடுத்தால், தாதி திலினி சொல்கிறாள்,
காய்ச்சல் இறங்கிவிட்டது,
பிள்ளை பிஸ்கட் கேட்டு எல்லோரையும் எழுப்பிவிட்டது.

விடிய ஆறு மணிக்கு வெளியே வருகிறேன்.
வாசலில் காவலாளி கொட்டாவி விட்டுக் கையசைக்கிறான்,
மான்களை விடுவது போலவே என்னையும் விடுகிறான்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கை மட்டும் தன்பாட்டில் போய்
சேர்ட் பையைத் தொட்டுப் பார்க்கிறது.