பதினோராம் கம்பி

ரூசே நகரத் தானியக் கிடங்கு. ஜூலைக் கடைசி.
எடைமேடைக்கு வெளியே இருபத்தேழு லாரிகள்.
எல்லாவற்றிலும் கோதுமை,
எல்லாவற்றிலும் தூக்கம் கெட்ட ஓர் ஆள்.
இரவு பதினொன்றரைக்கு எடைகாட்டி
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபதைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
மேடை காலி. ஒரு பூனைதான் குறுக்கே போனது.
முப்பத்தெட்டு டன் பூனை.

ஸ்லாத்கா போனில் எழுப்பினாள்:
"யாவோர், உன் பெட்டி பொய் சொல்கிறது."
நம்பர் பலகையைப் படம் பிடிக்கப் போன மாதம்
கேமரா அட்டை ஒன்றைச் செருகியவன் நான்.
அன்றிலிருந்து அது என் பெட்டி.
அதற்கு முன் இருபது வருடம்
அது யாருடைய பெட்டியும் இல்லை.

திரையின் அடியில் கெர்னல் எழுதிவிட்டுப் போன வரி:
பதினொன்று: யாரும் கண்டுகொள்ளவில்லை.
அதற்குக் கீழே: கம்பி மூடப்படுகிறது.
அவ்வளவுதான். வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

எடை அட்டைக்கும் கேமரா அட்டைக்கும்
ஒரே இன்டரப்ட் கம்பி.
யார் இழுத்தாலும் அடிப்பது ஒரே மணி.
கெர்னல் ஒவ்வொரு டிரைவர் நிரலாகப் போய்க் கேட்கும்.
உன்னுடையதா?
இல்லை.
உன்னுடையதா?
இல்லை.
கம்பியோ இழுத்தது இழுத்தபடி.
மறுபடி போகும். மறுபடி கேட்கும்.
கோபமே வராத பிறவி.
நான் தீக்குச்சி உரசி முடிப்பதற்குள்
லட்சம் தடவை கேட்டுவிட்டு
கம்பியை மூடிவிடும்,
அதே கம்பியில் ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்த
எடை அட்டையையும் சேர்த்து.

அட்டையைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினேன்.
அங்கே பத்தாம் கம்பியில்
நெட்வொர்க் அட்டை குடியிருந்தது.
எடை வந்தது. கொஞ்ச நேரத்தில்
வர்ணா தலைமை அலுவலகம் காணாமல் போனது.
பழைய துளைக்கே திரும்பினேன்.

வெளியே ஹாரன்கள்.
ஒருத்தன் ஜன்னலை உடைக்கிறமாதிரி தட்டினான்.
ராஸ்கிராட் பக்கத்து ஆள், ஷெஃப்கெட்.
"ஒரு மணி நேரமாக மணி அடிக்கிறேன்,
உள்ளே மனுஷர்கள் இருக்கிறீர்களா?"
ஸ்லாத்கா சொன்னாள்: ஈரப்பதம் பார்க்கிற வென்சிக்கு என்று நினைத்தேன்.
வென்சி சொன்னான்: எடைக்கு என்று நினைத்தேன்.
நான் சிரித்தேன்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

"என்ன வேண்டும்?"
"எனக்கு ஒன்றும் வேண்டாம். உங்கள் கேமரா வயர்
கம்பத்திலிருந்து கழன்று தொங்குகிறது.
லாரி ஏறி மேடை அதிர்ந்தால் அதுவும் ஆடுகிறது.
சொல்லத்தான் அடித்தேன்."

கேமரா நிரலைத் திறந்தேன்.
படம் தொடங்கினால் என்னுடையது.
படம் முடிந்தால் என்னுடையது.
மூன்றாவதாக ஒரு பிட் உண்டு: சிக்னல் அறுந்தது.
அந்த இடத்தில் முகம் தெரியாத யாரோ
ஒரு குறிப்பு மட்டும் விட்டிருந்தார்:
இது நடக்காது.

இரண்டு வரி எழுதினேன்.
மூன்றாம் பிட் எழுந்திருந்தால் அதை இறக்கி வை.
பிறகு, என்னுடையது என்று சொல்.

ஷெஃப்கெட் ஏணியில் ஏறி வயரைப் பிடுங்கினான்.
எண்ணிக்கை ஒன்று கூடியது.
சொருகச் சொன்னேன். பிடுங்கச் சொன்னேன்.
இன்னும் ஒன்று. கம்பி அமைதி.
"போதுமா? கை வலிக்கிறது."
போதவில்லை. இன்னும் ஆறு தடவை செய்யவைத்தேன்.

மூன்றே முக்காலுக்கு அவன் லாரி மேடை ஏறியது.
நாற்பதாயிரத்து நூற்று அறுபது.
டான்யூபின் அந்தக் கரையில் ருமேனியா
விளக்கை அணைக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

காலையில் ஸ்லாத்கா ரசீதுகளைப் புரட்டினாள்.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபது.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபது.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபது.
முதலாவது சரி.
அடுத்த இரண்டும் சின்ன லாரிகள்,
பணம் வாங்கிக்கொண்டு இரவே போய்விட்டன.

அவர்கள் மட்டும்
மணி அடிக்கவே இல்லை.