பதினேழாம் இலக்கம்

ரின்னை நிறுக்கத்தான் எடுத்தனான் என்றார் இன்பரூபன்.
மல்லாவிச் சந்தியில் பழைய இரும்புக் கடை.
யாரோ கிணற்றடியில் கிண்டி எடுத்த பிஸ்கற் ரின்,
மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றிய தழும்பு.
உள்ளே பொலித்தீன், அதற்குள்ளும் பொலித்தீன்,
அதற்குள் ஒரு மட்டைப்பெட்டி:
பபிள்கம். பொதிக்கு ஒரு கிரிக்கெற் படம்.
"நீர்தானே இந்தக் குப்பையெல்லாம் சேர்க்கிறனீர்?"

நான்தான்.
மாங்குளத்தில் போட்டோக்கொப்பிக் கடை,
மேசை லாச்சியில் நூற்றுப்பன்னிரண்டு படங்கள்.
ஆனால் எனக்குப் படத்தைவிட உறையில்தான் ஆசை.
படத்தை எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்,
உறையைக் கிழித்து எறிந்தார்கள்.
எறிந்ததுதான் இப்போது கிடைப்பதில்லை.

எண்ணினோம்.
இருபத்துநாலில் பதினொன்று மிச்சம், வாய் பிரியாமல்.
அச்சடித்த விலை இரண்டு ரூபா.
அதன்மேல் நீலப் பேனாவால் பன்னிரண்டு.
தொண்ணூற்றேழாம் வருசம் அது;
சவர்க்காரத்துக்குத் தடை, பற்றரிக்குத் தடை,
மண்ணெண்ணெய் மருந்துப் போத்தலால் அளந்த காலம்.
பபிள்கத்தைப் பட்டியலில் எழுத மறந்தார்களோ என்னவோ,
உயிலங்குளத்தில் சோதனைக்கு நின்றவன்
ஒன்றை உரித்து, மென்று, முட்டை ஊதிப் பார்த்து,
போ என்றானாம்.

வெள்ளவத்தையில் ஒருவர் இப்படியானவை வாங்குகிறார்.
படம் எடுத்து அனுப்பினேன்.
பெட்டி நல்லம், பேனாக் கீறல்தான் பிழை,
அழிக்க ஒரு திரவம் இருக்கு,
அழித்தால் மூன்று மடங்கு தருவேன் என்றார்.
நான் பதில் எழுதவில்லை.
பன்னிரண்டை அழித்துவிட்டால்
மிஞ்சுவது எந்த ஊரிலும் விற்ற இரண்டு ரூபா.

மூடியின் உட்பக்கம், அதே நீலத்தில், கடன் கணக்கு:
சுருட்டைத்தலை 2
தபாற்காரர் மகன் 1 (வெட்டியிருக்கிறது)
சைக்கிள் இல்லாதவன் 4
கொட்டில் பெட்டை, படம் மட்டும் 1
இன்பம், குளத்தடி 5

இன்பரூபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி வாசித்தார்.
"அறுபது ரூபா" என்றார்.
நான் கொடுத்த ஐயாயிரத்தில்
அறுபதைப் பிரித்து மூடிக்குள் வைத்தார்.
பிறகு ரின்னைத் தராசில் ஏற்றினார்.
"இது வேணுமெண்டா கிலோக் கணக்கு."

கடைக்காரர் மயில்வாகனம் இப்போது ஸ்காபரோவில்.
வவுனிக்குளத்தில் அவர் பெறாமகனிடம் இலக்கம் வாங்கி
ஒரு பின்னேரம் எடுத்தேன்; அங்கே அப்போதுதான் காலை.
ரின்னைக் கேட்கவில்லை, காணியைக் கேட்கவில்லை,
கிணறு தூர்ந்துபோச்சோ என்றுகூடக் கேட்கவில்லை.
"பதினேழு வந்திட்டுதோ?"

மொத்தம் நாற்பது படங்கள்.
பதினேழாம் இலக்கம் மட்டும் மல்லாவிக்கு வரவேயில்லை.
மயிலர் ஒளிச்சு வைச்சிருக்கிறார் என்று பொடியள் சொன்னார்களாம்,
ஒருவன் கடை லாம்புச் சிமினிக்குக் கல்லால் எறிந்தானாம்.
"நான் ஒளிக்கேல்லைத் தம்பி.
உரிச்சுப் பார். பதினொண்டையும் உரிச்சுப் பார்த்துச் சொல்லு."

உரித்தால் விலை போயிடும் ஐயா என்றேன்.
கனநேரம் சத்தமில்லை.
லைன் விட்டுப்போச்சோ என்று பார்த்தேன்.
"என்ன விலை?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமையாக
பதினொன்றும் என் மேசையில்.
வெயில் ஏற ஏற
இருபத்தெட்டு வருசத்துச் சீனி மணக்கிறது.
இன்று எறும்பு வந்திருக்கிறது,
எல்லாவற்றுக்கும் அல்ல,
எட்டாவது பொதியின் ஒரு மூலைக்கு மட்டும்.
மெழுகுத்தாள் அங்கே விட்டிருக்கிறது.
எனக்குத் தெரியாத ஒரு வாயில் அதற்குத் தெரிந்திருக்கிறது.

பிளேட்டைத் துடைத்து வைத்துவிட்டேன்.
இங்கே மத்தியானம்,
அங்கே இன்னும் விடியவில்லை.
அவர் எழும்பட்டும், கமராவைப் போடட்டும்.
அதுவரைக்கும்
எறும்பை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.