தெரியாவிட்டால், இல்லை

ப்ர்னோவில் கடைசி டிராமும் போய்விட்டது.
யித்கா இன்னும் அந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறாள்.

தொண்ணூற்று மூன்றில் யாரோ எழுதியது:
பதினாறு பிட் நிரல்களுக்கென்று
கெர்னலின் சுவரில் விட்ட வழி.
நிரல்கள் செத்தாயிற்று.
அவற்றை ஓட்டிய பெட்டிகள் எடைக்குப் போயாயிற்று.
வழி மட்டும்
நேற்று வாங்கிய மடிக்கணினியிலும்
ஒருக்களித்துக் கிடக்கிறது.

போன மாதம் ஒருவன் அதைக் கண்டுகொண்டான்.
ஆஸ்பத்திரி சர்வர் ஒன்றில்
சாதாரணப் பயனராகக் குனிந்து நுழைந்தவன்
ரூட்டாக நிமிர்ந்தான்.

அழித்துவிடு, என்றான் ராதிம்.
நானூறு வரி. யார் அழப்போகிறார்கள்?

அழித்தாள்.
பதிப்பு வெளியான வாரமே ஸ்லீனிலிருந்து போன்.
ஷூ தொழிற்சாலை. தோல் வெட்டும் எந்திரம்.
"திரை கறுப்பாகவே நிற்கிறது.
பதினெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்."
திட்டியிருந்தால் தேவலை.

இப்போது திரும்ப வைக்கிறாள்,
முன்போல் அல்ல.
கட்டமைப்புப் பட்டியலில் புதிதாக ஒரு கேள்வி:
பழைய பதினாறு பிட் ஆதரவு வேண்டுமா?
பேசாமல் கடந்துபோகிறவர்களுக்கு, இல்லை.
ஸ்லீன்காரர்கள் ஆம் என்று சொல்லட்டும்,
வாசலில் அவர்களே காவல் இருக்கட்டும்.

உதவிக் குறிப்பு எழுத வேண்டும்.
'இது எதற்கென்று தெரியாதவருக்கு இது தேவையில்லை.'
கறாராக இருக்கிறது. அழித்தாள்.
வேறு விதமாக எழுதிப் பார்த்தாள்.
அதையே திரும்ப எழுதினாள்.

முதலில் தன் மடிக்கணினியில் தொகுக்கிறாள்.
கேள்வி வந்து நிற்கிறது.
பத்து வயதில் தம்பியோடு சண்டையிட்டு ஆடிய
டாங்கி விளையாட்டு ஒன்று
இதில்தான் இன்னும் ஓடுகிறது.
இன்றுவரை ஏழாம் கட்டம் தாண்டவில்லை.

விரல் சற்று நேரம் மேலேயே நின்றது.
பிறகு
இல்லை.