புதன்கிழமை

மண்டபத்தில் ஒரு காற்றாடிதான் சுற்றியது.
பெற்றோர் கூட்டம்.
கூரைத் தகடு, சைக்கிள் கொட்டகை,
ரியூசன் நேரம், பிள்ளைகளின் கைபேசி
எல்லாம் கதைத்து முடித்து
கடைசியில் "வேறு விடயங்கள்" என்றார் அதிபர்.

நான் எழும்பினேன்.
எழும்பின பிறகுதான் கால் நடுங்கியது.

என்னை உங்களுக்குத் தெரியும்.
விடிய நாலரைக்கு வான் ஏறி
முகமாலைக்குப் போகிற சுகிர்தமலர்.
முழங்காலில் இருந்து, ஒரு சாண், பிறகு ஒரு சாண்,
கருவி கத்தினால் மூச்சை அடக்கி
கண்ணிவெடி எடுக்கிறவள்.
பதினொரு வருசம். ஒரு நகமும் போகவில்லை.

அந்த வேலையோடு இதை ஒப்பிடாதே என்று
வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.
மண்ணுக்குள் கிடப்பது யாரோ புதைத்தது.
எடுத்தால் முடிந்தது.
பிள்ளை அப்படி இல்லை.

என் மகன் பவிதன்.
உங்கள் பிள்ளைகளோடுதான், கணிதப் பிரிவு.
சாதாரண தரத்தில் எட்டு ஏ எடுத்தபோது
இதே மண்டபத்தில் மாலை போட்டீர்கள்.

தையில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.
மாசியில், ஆசையாய் வைத்திருந்த கிரிக்கெட் மட்டையை
பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் கொடுத்தான்.
என்ன பெரிய மனம் என்று நான் சந்தோசப்பட்டேன்.
பங்குனி முழுக்க இரவில் அவன் அறையில் வெளிச்சம்.
படிக்கிறானாக்கும் என்று பால் தேத்தண்ணி வைப்பேன்.
விடிய அது ஆடை கட்டிக் கிடக்கும்.

ஒருநாள் நான் மீன் வெட்டிக்கொண்டிருக்க
பின்னால் நின்று சொன்னான்:
"அம்மா, எனக்குள்ள ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு."
நான் திரும்பவில்லை.
"விசர்க்கதை கதையாமல் போய்ப் படி."
அதோடு விட்டேனா?
"உன்ர வயசில நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள்.
உனக்கென்ன குறை?"

உண்மைதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை.
அந்த உண்மையால்தான் அவன் வாயை அடைத்தேன்.

ஒன்பது மாதக் குழந்தையாய் அவனை
நந்திக்கடல் தண்ணிக்குள்ளால் தூக்கி வந்தவள் நான்.
தப்பின பிள்ளை தப்பினதுதான் என்று இருந்துவிட்டேன்.

(பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார்.)

என்ன நடந்தது என்று கேட்காதீர்கள்.
அவன் இருக்கிறான்.
ஒரு இரவு கதவைத் தட்டினேன், தட்டுவதை விடவில்லை.
"சாக வேணும் போல இருக்கோ, அப்பன்?"
கேட்டால் நடந்துவிடும் என்று
இவ்வளவு நாளும் நான் பயந்திருந்த சொல்.
"ஓம்" என்றான்.
பிறகு அழுதான்.
விடியும்வரை நிலத்தில், அவன் பக்கத்தில் இருந்தேன்.
வான் வந்து ஹோர்ன் அடித்தது. போகவில்லை.

இப்போது கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.
மாத்திரை உண்டு. கதைக்க ஒரு மிஸ் உண்டு.
சில நாள் நல்லது, சில நாள் இல்லை.
செய்வினை என்று ஊர் சொன்னது.
நானும் முதலில் நூல் கட்டினவள்தான்.
கூட்டத்தில் சொல்லட்டோ என்று அவனிடம் கேட்டேன்.
இரண்டு நாள் யோசித்து,
"பேரையும் சொல்லுங்கோ" என்றான்.

இருந்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றியுரை. பிஸ்கற்.
இரண்டு பெண்கள் என்னைக் கடக்கையில்
சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார்கள்.

சைக்கிள் எடுக்கப் போனேன்.
உழவு மெசின் ஓட்டுகிற குலேந்திரன்,
வேலிப் பிரச்சினையில் மூன்று வருசமாய்
என்னோடு கதையாதவர்,
பரந்தன் றோட்டைப் பார்த்தபடி கேட்டார்:
"அந்தக் கிளினிக்... என்ன கிழமை?"

"புதன்."

"பொம்பிளைப் பிள்ளையளையும் பாப்பினமோ?"

"பாப்பினம். ஏழுக்கு முன்னம் போனால் நம்பர் கிடைக்கும்."

தலையை ஆட்டினார். போகவில்லை.
கையில் இருந்த பிஸ்கற்றை
உடைத்து உடைத்துத் தூளாக்கிக்கொண்டு நின்றார்.

"முதல் பஸ் ஆறேகாலுக்கு" என்றேன்.
"நாங்களும் அதிலதான் வருவம்."