மறுப்புக் கடிதம்

மினசோட்டாவில் ஏப்ரல் பதினைந்து முடியும்போது
பகாவில் பதினாறாம் தேதி மதியம் ஒரு மணி.
இன்னும் நாற்பது நிமிடம்.
பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒட்டுக்கடையில்,
தே ஓ ஆறிக்கொண்டிருக்கிறது.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனால்
மேசை நடுங்குகிறது,
மடிக்கணினியும்.

இரண்டு கடிதங்கள்.
ஒன்றில் ஐந்து வருடம், முழு உதவித்தொகை,
மருத்துவக் காப்பீடு,
'மகிழ்ச்சியோடு' என்ற சொல் மூன்று இடத்தில்.
யாரோ என்னை எதிர்பார்ப்பது போலிருக்கிறது,
யாரென்று தெரியவில்லை.

மற்றது கோலாலம்பூர்.
பாதிக் கட்டணம் நானே கட்ட வேண்டும்.
டாக்டர் நோர்ஹயாத்தி
கையொப்பத்துக்கு மேல் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்:
உங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில்
அந்தப் பதினேழு பேர் எங்கே?

கிளினிக்குக்காக நான் தொகுத்த அட்டவணை அது.
தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் பெண்கள்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், சிறுநீர்.
வராதவர்களுக்கு நேரே
ஒரு பூஜ்யம் போட்டு
அன்றோடு கதையை மூடினேன்.
புள்ளியியல் அதை அனுமதிக்கிறது.
வரைபடத்தில் அவர்கள்
இறங்கும் கோட்டின் மேல் ஒரு சின்னக் கீறல்.

அண்ணன் லோகேஸ் நேற்று இரவே கணக்குப் போட்டுவிட்டான்.
வீட்டுக் கடன், அவன் மோட்டார் தவணை,
டாலருக்கு எத்தனை ரிங்கிட்.
கடைசியில் 'உன் இஷ்டம்' என்றான்,
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு.

மீ கோரேங் தட்டை வைத்த கை
எடுக்காமல் நிற்கிறது.
"கிளினிக் புள்ளதானே நீ?
ரத்தம் எடுக்க வருவியே."
புறங்கையில் மருந்து பட்டு வெந்த தழும்பு.
அந்தத் தழும்பை நான் எழுதியிருக்கிறேன்.
எண் எண்பத்து நான்கு, மங்களவல்லி,
தொடர்பு அற்றுப்போனது.

"எங்கக்கா போனீங்க?"

"நான் எங்க போனேன்?
மருந்து அடிக்கிறத விட்டுட்டு
ரெண்டு வருசமா இங்கதான் மீ பெரட்டுறேன்.
நீங்கதான் வரல."
மேலே முட்டை போடவா என்று கேட்கிறாள்.
போடச் சொல்கிறேன்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.
மினசோட்டாவுக்குச் 'சம்மதம்' அழுத்துகிறேன்.
மேசை நடுங்கவில்லை,
லாரி எதுவும் போகவில்லை.

பிறகு கோலாலம்பூருக்கு.
நன்றி, வருந்துகிறேன், குடும்பச் சூழ்நிலை
எல்லாம் எழுதி
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
மேலேயிருந்து தொடங்குகிறேன்:

டாக்டர்,
பதினேழு இல்லை. பதினாறு.