பதினோராயிரம் அடி

சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில்
கோணிச் சாக்கைத் தைத்து நீலமடித்த கடல்.
பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து வந்த ஆடிக்காற்று
முதல் வாரமே அதைக் கிழித்துப் போட்டது.
பாய்மரம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாங்கிய மூங்கில்;
ஐப்பசிக்குள் திருப்பித் தர வேண்டும்.
லைட் தூக்கும் ஆறுக்குட்டி கேட்டான்:
"ஏனுங்க, நெசக் கடலுக்கும் இப்படித்தான் ஒட்டுப் போடுவாங்களா?"
அங்கிருந்த நூற்றுப்பத்துப் பேரில்
கடலைப் பார்த்தவர் கேமராக்காரர் ஒருத்தர்தான்.
அவர் ஃபிலிம் எண்ணிக்கொண்டிருந்தார்.

சண்டைக் காலம்.
படத்துக்குப் பதினோராயிரம் என்று சர்க்கார் கட்டளை.
அரிசிக்குப் படி, மண்ணெண்ணெய்க்குப் புட்டி,
வீரத்துக்கு அடி.

நாடகமாக இருந்தபோது இது ஜெனோவா நகரத்துக் கதை.
வாத்தியார் ஏதோ பழைய இத்தாலிப் புத்தகத்திலிருந்து எடுத்தார்,
எடுத்ததை நோட்டீசிலேயே போட்டார்.
இத்தாலி எதிரியானதும் அதிகாரி ஒருவர் வந்து
காபி குடித்தபடியே ஜெனோவாவை அழித்தார்.
மரகதபுரி என்று எழுதிக்கொண்டோம்.
லியோனெல்லோ, லீலாங்கதன் ஆனான்.
ஆவணிக் கடைசியில்
இத்தாலி கைதூக்கிவிட்டதாக ரேடியோ சொன்னது.
"மறுபடியும் ஜெனோவாவே ஆக்கிடலாங்களா?" என்றேன்.
"பேரை மாத்த எழுபதடி ஆகும் சென்னியப்பா,
மரகதபுரியே இருந்துட்டுப் போகட்டும்."

ஒன்பது வருஷம்
தாராபுரம், கரூர், கோபி, பவானிக் கொட்டகைகளில்
இந்தக் கதையின் இளவரசி நான்தான்.
மழித்த மீசைமேல் அரிதாரம் பூசி
மூன்றாம் அங்கத்தில் கப்பலேறி
அண்ணனைக் கொன்றவனைக் குத்தும்போது
மேடையில் காசு வந்து விழும்.
ஒருமுறை ஒரு முழுத் தேங்காயும் விழுந்தது.
படத்துக்கு அம்புஜவல்லி வந்தார்.
எனக்கு நான்காம் காவலாளி.
வசனம்: "யாரங்கே?"
அதையும் நீளமென்று வெட்டிவிட்டார்கள்.

அம்புஜவல்லிக்கு வாள் பழக்கமில்லை.
முதல் தடவை நழுவி விழுந்தது, நூற்றிருபதடி போச்சு.
அடுத்ததில் ஓங்கிய கையோடு மில்லுச் சங்கு ஊதிற்று.
அதற்கடுத்து, கடல் மறுபடியும் கிழிந்தது.
கேமராக்காரர் பெட்டிக்குள் பார்த்துவிட்டு
ஒற்றை விரலைக் காட்டினார்.
டைரக்டர் என்னைத் தேடித் திரும்பியபோது
நான் ஏற்கனவே காவலாளியின் இடுப்புப்பட்டையை
அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ரவிக்கை என் முதுகில் பிரிந்தது,
ஆறுக்குட்டி ஊக்குப் போட்டு இழுத்துக் கட்டினான்.
முகம் மட்டும் திரும்பக் கூடாது என்றார்கள்.
சரி என்றேன்.
அம்புஜவல்லி தன் சவுரியைத் தானே எனக்கு வைத்து
"இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்,
நான் அப்படித்தான் நிற்பேன்" என்றார்.
பாவம், அவர் நாடகம் பார்த்ததில்லை.
அந்தத் தோள் ஒன்பது வருஷமாய்த் தாழ்ந்துதான் கிடக்கிறது.

கால்கள் போய்க்கொண்டே இருந்தன.
மரவாளின் ஈயத்தாள் உரிந்து பறந்தது.
விழவேண்டிய பலகையில் விழவேண்டியவன் விழுந்தான்.
காசு விழவில்லை.
மூச்சுச் சத்தமும் பதிவாகுமென்று
நூற்றுப்பத்துப் பேரும் வாய்பொத்தி நின்றார்கள்.
அந்த அமைதியைத்
தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

பொள்ளாச்சி டென்ட்டில்
மணலில் உட்கார்ந்து படம் பார்த்தேன்.
ஒரு நிமிஷம்கூட இல்லை என் முதுகு.
விசில் காதைப் பிய்த்தது.
பக்கத்தில் இருந்த மாட்டு வியாபாரி
"பொம்பளைன்னா இவ பொம்பளை" என்று
என் தொடையில் ஓங்கித் தட்டினார்.
என்னையறியாமல் நிமிர்ந்துவிட்டேன் போல.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"ஏனுங்க, தலை மறைக்குதுங்க."

இடது தோளை மட்டும்
சித்தெ தாழ்த்திக் கொடுத்தேன்.